திரையிற் கண்ட நடை

நடத்தல் எளிய செயல் என்றே நாம் எண்ணியிருக்கின்றோம். தவழுங் குழந்தை எழுந்து நின்று ஓரடி வைக்குமாயின் வீடே கூடிக் கொண்டாடும். அதன்பின் அக்குழந்தையின் நடையைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. ஒரு நாட் காலையிற் படுக்கையினின்று எழ முயலும் ஒருவர், தம் காலுங் கையுந் தம்முடையன அல்ல என்பதுபோற் கிடக்கக் காணும்போதுதான், எத்தனை தசைகளும் நரம்புகளும் ஒன்றுகூடி நடத்தல் என்னும் காரியத்தை இயற்றி வந்தன என்பது புலனாகின்றது. அவ்வாறு இழந்த நடையையும் கைவன்மையையும் பேச்சையும் இயன்ற அளவுக்கு மீட்டு, மீட்க முடியாதவிடத்து எஞ்சியதைக் கொண்டு வாழக் கற்பிக்கும் துறையே புனர்வாழ்வு மருத்துவம். இத்துறை மருத்துவ மாணாக்கர்க்கு எவ்வாறு அறிமுகமாயிற்று என்பதையும், அவ்வறிமுகம் இன்று கணினித் திரை வழியாக நிகழ நேர்ந்த வரலாற்றையும் இக்கட்டுரையிற் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. 2016 ஆம் ஆண்டில், நாம் ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற காலத்தில், எமது அப்பாச்சிக்குப் பாரிசவாதம் கண்டது. ஆஸ்பத்திரியில் அவருடைய உயிரைக் காத்தனர்; அதற்கு நாம் என்றுங் கடப்பாடுடையோம். ஒன்பதாம் நாள், "இனி வீட்டிலை வைச்சுப் பாருங்கோ" என்று கூறி அனுப்பிவிட்டனர். எவ்வாறு பார்ப்பது என்று எவருங் கூறவில்லை. கேட்கவேண்டும் என்பது எமக்குந் தெரியவில்லை. கட்டிலினின்று அவரை எழுப்பும்போதெல்லாம், வலுவிழந்து தொங்கிய இடக்கையைப் பற்றியே இழுத்துத் தூக்கினோம். சில வாரத்தில் அத்தோளிற் பெருநோவு உண்டாயிற்று. சட்டை மாற்றும் வேளையில் அவர் கண்ணீர் விட்டழுவார். நோயின் கொடுமை என்றே வீட்டில் அனைவரும் எண்ணினோம்.

எட்டாண்டு கழிந்தபின், மருத்துவபீட மாணாக்கராய், விடுதி அறையில் இருந்தபடியே கணினியிற் கேட்ட பாடமொன்றின் முதற் பத்து நிமிடத்தில், அந்நோவில் எமது கைக்கும் பங்குண்டு என அறிந்தோம். பாரிசவாதத்தில் தோள்மூட்டைத் தாங்குந் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. கையின் பாரத்தினாலேயே மூட்டு இடம் பிசகிக் கீழிறங்கி நிற்பதுண்டு. அந்நிலையில் அக்கையைப் பிடித்து இழுத்தலாகாது. உடம்பை அணைத்தே எழுப்புதல் வேண்டும். செய்தி இவ்வளவே. வீட்டுக்கு அனுப்பிய நாளில் இதனைச் சொல்ல அரை நிமிடம் போதியதாயிருந்திருக்கும். சொல்லத்தக்கவர்களுக்கு, அவர்கள் மாணாக்கராயிருந்த காலத்தில், இதனைக் காட்டியவர் எவரேனும் இருந்தனரோ என்ற வினா அன்றுதொட்டு எம்மை விட்டகலவில்லை.

திரைவழிக் கல்வி நேற்று முளைத்த புதுமை என்று பெரியோர் சிலர் கருதக்கூடும். இத்துறையைப் பொறுத்தவரை அதன் வேர் சினிமாவிலும் பழையது. கண்ணிமைக்கும் பொழுதிற் கடந்துபோகும் நடையை நிறுத்தி நோக்கவேண்டும் என்னும் ஆவல் மருத்துவர்க்கு நெடுநாளாக இருந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே, எட்வேட் மைபிரிட்ஜ் என்னும் நிழற்படக் கலைஞர் கமராக்களை வரிசையாக வைத்து, விலங்குகளும் மனிதரும் இயங்கும் முறையைக் கணங் கணமாகப் படம்பிடித்து வந்தார். 1885 இல் நரம்பியல் மருத்துவரான பிரான்சிஸ் டேர்க்கம் தம் நோயாளர் சிலரை அங்கே அழைத்துச் சென்று, அவர்களுடைய பிறழ்ந்த நடையையும் அவ்வாறே பதிவுசெய்வித்தார். 1887 இல் 781 படத்தட்டுகளாக வெளிவந்த மைபிரிட்ஜின் பெருந்தொகுதியில் அப்படங்களும் இடம்பெற்றன. குதிரை ஓடும்போது அதன் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டெழுமா என்ற வினாவுக்கு விடை கண்டவர் என்றே மைபிரிட்ஜை உலகம் நினைவு வைத்திருக்கின்றது. நொண்டி நடந்த அந்நோயாளரை நினைப்பார் அரியர்.

லூமியேர் சகோதரர் 1895 இல் ஓடும் படத்தைப் பாரிசில் மக்களுக்குக் காட்டினர். மூன்றாண்டு கழியுமுன்னரே, ருமேனியா நாட்டுப் புக்கரெஸ்ட் நகரில், ஜோர்ஜே மரினெஸ்கு என்னும் நரம்பியல் மருத்துவர் அக்கருவியைத் தம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். பாரிசிற் பேராசிரியர் ஷார்க்கோவிடம் பயின்றவர் அவர். 1898 இல் அவர் எடுத்த படம், பாரிசவாதங் கண்டவர்கள் எவ்வாறு நடக்கின்றனர் என்பதையே பொருளாகக் கொண்டது. கறுப்புத் திரையின் முன்னே நோயாளர் ஒருவர் வருகின்றார். முழங்கால் மடங்காமையாலும் பாதம் தொங்குவதாலும், காலை நேரே முன்வைக்க அவரால் இயலவில்லை. இடுப்பினின்று புறமாக அரைவட்டமாய் வீசி வைக்கின்றார். புல்லரிபவன் அரிவாள் வீசுவதற்கு இந்நடையை ஒப்பிட்டுப் பிரெஞ்சு மருத்துவர் பெயரிட்டனர். மரினெஸ்கு படச்சுருளின் சட்டங்களைத் தனித்தனியே வரைந்தெடுத்து, கால் எவ்விடத்தில் எப்பொழுது நின்றது என்று ஆராய்ந்து கட்டுரைகளும் எழுதினார். மருத்துவ ஆராய்ச்சிக்கென எடுக்கப்பட்ட முதற் சினிமாப் படங்களுள் இவை வைத்தெண்ணப்படுவன.

ஆயினும் படம் பிடித்தவர்கள் நோயை அறியவே படம் பிடித்தனர். அந்நடையைத் திருத்தலாம், திருத்துவதும் மருத்துவரின் கடமையே என்ற எண்ணம் வலுப்பெற மேலும் அரை நூற்றாண்டு சென்றது. அதனை வலுப்படுத்தியவை இரு பெரும் போர்களும், இடையிடையே தோன்றிப் பிள்ளைகளை முடமாக்கிய இளம்பிள்ளை வாதமுமாம்.

பிலடெல்பியா மீண்டும் இவ்வரலாற்றில் வருகின்றது. அங்கே டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1929 இல் உடலியல் மருத்துவத்துக்கெனத் தனித்துறை ஒன்றைத் தொடக்கியவர் பிராங்க் குரூசன். இவர் பயிற்சிக் காலத்திற் சயரோகத்துக்கு ஆளாகிச் சானற்றோரியத்திற் படுத்திருந்தவர். படுக்கையிற் கிடக்கும் மனிதனின் உடலும் மனமும் எவ்வாறு தளர்கின்றன என்பதை அவர் நூலிற் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. 1936 இல் மேயோ மருத்துவ நிலையத்தில் மூன்றாண்டுப் பட்டப்பின் பயிற்சியை அமைத்தார். இத்துறைக்கெனத் தகுதி வழங்கும் சபை அமெரிக்காவில் 1947 இல் தோன்றிற்று.

ஹவாட் றஸ்க் என்பவரின் கதை இதனினும் சுவையுடையது. மிசூரி மாநிலத்திற் பொது மருத்துவராயிருந்த இவர் 1942 இல் விமானப்படை மருத்துவராகச் சேர்ந்தார். காயம் ஆறிய போர்வீரர் விடுதிகளில் வாளாவிருந்து சோர்வதையும், பின்பு படைக்குத் திரும்பியதும் மீண்டும் நோயாளராய் வருவதையும் கண்டு, அவர்கட்கு உடற்பயிற்சியும் படிப்புந் தொழிலும் வகுத்துக் கொடுத்தார். போர் முடிந்தபின் நியூயோர்க்கில் அதனையே குடிமக்களுக்குச் செய்ய முனைந்தார். நோயைத் தடுத்தல், நோயைத் தீர்த்தல் என்னும் இரண்டினையும் அடுத்து, மருத்துவத்தின் மூன்றாங் கட்டம் புனர்வாழ்வு என்பது அவர் இடையறாது கூறிவந்த கருத்து. நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அவர் நிறுவிய நிலையத்துக்குப் பல நாட்டு மருத்துவரும் வந்து பயின்றனர்.

இங்கிலாந்திலோ நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939 இல் வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பெப்ரவரி 1 ஆம் நாள் ஸ்டோக் மண்டெவில் ஆஸ்பத்திரியில் முண்ணாண் காயம் பட்டோர்க்கான பிரிவைத் திறந்தார். முதலாம் உலகப் போரில் அத்தகைய காயம் பட்டோருட் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்வழித் தொற்றாலும் மாண்டிருந்தனர். குட்மன் புதுமருந்து எதனையுங் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை, இரவும் பகலும், நோயாளரைப் புரட்டிப் படுக்கச் செய்தார். தாதியர் அதனைச் செய்கின்றனரோ என்று நள்ளிரவிலும் நேரில் வந்து பார்த்தார். அம்மனிதர்கள் பிழைத்தனர். பிழைத்தவர்களுள் 16 பேரைக் கொண்டு 1948 யூலை 29 இல், இலண்டன் ஒலிம்பிக் விழாத் தொடங்கிய அதே நாளில், வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பராலிம்பிக் விழாவுக்கு அதுவே வித்து.

தமிழ் வழங்கும் நிலத்துக்கு இத்துறை வந்த வரலாற்றிலே மேரி வர்கீஸ் என்னும் பெண்மணியை மறத்தலாகாது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்ற இவ்விளம் மருத்துவர், 1954 இல் நேர்ந்த வாகன விபத்தொன்றில் இடுப்பின்கீழ் உணர்வும் அசைவும் இழந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சத்திர சிகிச்சையில் அக்காலத்தில் அங்கே புகழ்பெற்றிருந்தவர் போல் பிராண்ட். அவருடைய ஊக்கத்தால் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அச்சிகிச்சையைச் செய்யக் கற்றார். பின்னர் நியூயோர்க் சென்று றஸ்க்கின் நிலையத்திற் பயின்று மீண்டு, 1963 இல் வேலூரில் அமைந்த புனர்வாழ்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966 இல் நோயாளர் தங்கிப் பயிலும் நிலையமும் அங்கே எழுந்தது. அவரிடம் வந்த நோயாளர், "இனி வாழ முடியுமா?" என்று கேட்டிருப்பாராயின், விடை அவர்கள் எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தது.

இத்துணைப் பெரியார் உழைத்தும், மாணாக்கர் நிலை பெரிதும் மாறவில்லை. றஸ்க்கும் குரூசனும் வாழ்ந்த அமெரிக்காவிலேயே, இத்துறையிற் கட்டாயப் பயிற்சி இல்லாத மருத்துவக் கல்லூரிகள் பல. இதற்கெனத் தனித்துறையே இல்லாத கல்லூரிகளும் உள. இதற்கு அலட்சியம் மாத்திரம் காரணமன்று என நினைக்கின்றோம். மாணாக்கன் ஒரு விடுதியிற் சில வாரமே நிற்கின்றான். குடல்வால் அழற்சியுடன் வந்தவர் அதற்குள் சிகிச்சை பெற்று, தையல் பிரித்து, வீடு சென்றுவிடுகின்றார். தொடக்கமும் முடிவும் அவன் கண்முன் நிகழ்கின்றன. பாரிசவாதங் கண்டவரோ ஆறு மாதத்திற் கரண்டி பிடிப்பார். அன்று அம்மாணாக்கன் வேறெங்கோ நிற்கின்றான். வந்த நாளிற் கண்ட நோயாளரே அவன் மனத்தில் என்றென்றும் நோயாளராய்க் கிடக்கின்றார். அவர் எழுந்து நடந்ததை அவன் காண்பதேயில்லை.

இந்நிலையிலேதான் கொவிட் தொற்று வந்தது. 2020 மார்ச் 17 ஆம் நாள், நோயாளரோடு நேரிற் பழகும் பயிற்சிகளை நிறுத்திவைக்குமாறு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் கல்லூரிகட்கு அறிவுறுத்திற்று. அந்நாட்டில் இறுதியாண்டு மாணாக்கர், தாம் விரும்புந் துறை சிறந்து விளங்கும் வேறு கல்லூரிக்குச் சென்று சில வாரம் பயின்று வரும் வழக்கம் ஒன்று உண்டு. அவ்வாண்டில் அதுவும் பெரும்பாலும் தடைப்பட்டது. தம் கல்லூரியிற் புனர்வாழ்வுத் துறை இல்லாத மாணாக்கர்க்கு அவ்வொரு வாயிலும் அடைபட்டதாயிற்று.

அப்பொழுது பல புனர்வாழ்வுத் துறைகள் இணையவழிப் பயிற்சிகளைத் திறந்தன. காலையில் விரிவுரை, அதன்பின் மெய்யான நோயாளர் ஒருவரைப் பற்றிய உரையாடல், நடை பற்றிய படங்களைப் பார்த்துக் குறை காணும் வகுப்பு, செயற்கைக் கால் பொருத்தும் வல்லுநரும் இயன்மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் தத்தம் பணியைக் காட்டும் வேளை, நோயாளரின் இசைவுடன், மருத்துவர் அவரோடு திரைவழியே பேசுவதை ஒரு மூலையிலிருந்து பார்க்கும் வாய்ப்பு என்றவாறு அவை அமைந்தன. பரிசோதனை முறைகளை மாணாக்கர் தம் வீட்டிலுள்ள தம்பியிடமோ தாயிடமோ செய்து பார்த்தனர். முன்பு விமானச் சீட்டும் தங்கும் செலவும் தேடவேண்டியிருந்த மாணாக்கன் இப்பொழுது தன் அறையிலிருந்தே அதனைக் கண்டான்.

நாம் அவ்வாண்டில் உயர்தர வகுப்பு மாணாக்கர். கைத்தொலைபேசியின் சிறு திரையில், டேற்றா முடியுமுன் பாடம் முடியவேண்டுமே என்ற கவலையுடன் கேட்டவர்கள். ஆதலின் திரைக்கல்வியைப் போற்றிப் பாட எமக்கு இயல்பாக மனம் எழுவதில்லை. எனினும் நேர்மையாகச் சொல்வதாயின், இத்துறையில் திரை இரண்டு காரியங்களை ஆஸ்பத்திரி விடுதியினும் நன்றாகச் செய்கின்றது.

முதலாவது, காலத்தைச் சுருக்குகின்றது. நோயாளர் சேர்ந்த நாளிலும், ஒரு மாதங் கழித்தும், ஆறு மாதங் கழித்தும் எடுத்த மூன்று படங்களை அடுத்தடுத்துக் காட்டினால், மாணாக்கன் ஒருகாலும் காணாத நடுக்கதையும் முடிவும் சில நிமிடத்தில் அவன் கண்முன் வருகின்றன. எட்டாண்டு எம் அப்பாச்சியோடு வாழ்ந்தும் விளங்காத ஒன்று எமக்கு அவ்வாறே விளங்கிற்று: கால் கைக்கு முந்தித் தேறுவது பலரிடத்துங் காணப்படும் ஒழுங்கு.

இரண்டாவதனை எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். திரை வீட்டைக் காட்டுகின்றது. ஆஸ்பத்திரியின் தரை எங்குஞ் சமதரை. குளியலறையிற் பிடிகம்பி உண்டு. அங்கே நன்றாக நடந்தவர் வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு திரும்பினால், காரணம் விடுதியில் நிற்போர்க்குத் தெரிவதில்லை. தொற்றுக் காலத்தில் மருத்துவர், "உங்கள் தொலைபேசியைத் திருப்பி வழியைக் காட்டுங்கள்" என்று கேட்டபோது, வழுக்கும் விரிப்பும், இருளடைந்த படியும், கதவகலம் போதாத கழிப்பறையும் மாணாக்கர் கண்ணிற் பட்டன. எமது ஊர் வீடுகளை எண்ணிப் பாருங்கள். உயர்ந்த வாசற்படி, மழையிற் பாசி பிடித்த கிணற்றடி, வளவின் கோடியிலே குந்தியிருக்கவேண்டிய மலசலகூடம். ஊன்றுகோல் எழுதிக்கொடுக்கும் மருத்துவர் இவற்றுள் ஒன்றையேனும் காணாமல் எழுதிக்கொடுப்பாராயின், அக்கோல் கதவு மூலையிற் சாத்திக் கிடக்கும்.

இனிக் குறையைக் கூறுவோம், அது சிறியதன்று. தசையின் வலிமையை 0 முதல் 5 வரை மதிப்பிடும் முறையொன்று உண்டு. போரில் நரம்பு அறுந்தவர்களைப் பரிசோதிக்கும் பொருட்டு இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1943 இல் வெளியிட்டது அது. புவியீர்ப்பை எதிர்த்துக் கையை உயர்த்தினால் 3. இதனைத் திரையிற் காணலாம். உயர்த்திய கையை மருத்துவர் அமுக்க, அவ்வமுக்கத்துக்கு நோயாளர் ஓரளவு ஈடுகொடுத்தால் 4, முற்றாக ஈடுகொடுத்தால் 5. இதனை அறிய அமுக்கும் கை வேண்டும். தசை மடங்கி இறுகும் நோயில், முழங்கையை நீட்டும்போது எவ்விடத்தில் அது தடுத்துப் பிடிக்கின்றது, பின் எவ்வாறு இளகுகின்றது என்பதும் விரலுக்கே தெரியும். எமக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியர் இதனை விளக்கச் சொற்களைத் தேடித் தேடி, ஈற்றிற் சிரித்துவிட்டு, "ஒருமுறை நீங்களே தொட்டுப் பார்க்க வேண்டும்" என்றார். அவ்வகுப்பில் எமக்கு நன்கு நினைவிருக்கும் வசனம் அதுவே. தோளில் எத்தனை விரல் அகலம் மூட்டு இறங்கியுள்ளது என்பதையும், அவ்விடுமுறையில் வீட்டுக்குச் சென்று அப்பாச்சியின் தோளில் விரல் வைத்தே அறிந்தோம்.

தொலைவிலிருந்து மருத்துவங் கற்பித்தல் யாழ்ப்பாணத்துக்கு முற்றிலும் புதியதன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிட விரும்புகின்றோம். 1848 இல் மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன், 1873 இல் அமெரிக்கா திரும்பியபின்னும், வூஸ்ரர் நகரிலிருந்து கொண்டே தமிழ் மருத்துவ நூற்பணியைத் தொடர்ந்து செய்து 1884 இல் மறைந்தார். அவர் சமயப் பணிக்கென வந்தவர் என்பது வேறு விடயம். அவரிடம் பயின்றவர்கள் முதலில் அவரருகே நின்று நாடி பிடித்துக் கற்றவர்கள். கடல் கடந்து வந்த நூல்கள் பின்னரே வந்தன. இணையவழிப் பயிற்சியோ இன்று முந்தி வருகின்றது. தொட்டுக் கற்றல் பிந்தி வருகின்றது, சிலர்க்கு வாராமலும் போகின்றது. எமது பீடத்து நண்பர் சிலர் அத்திரைப் பாடத்தைக் கேட்டபின், இயன்மருத்துவப் பிரிவுக்குத் தாமாகவே சென்று, வேலைக்கு இடையூறின்றி ஒரு மூலையில் நிற்கலாமா என்று கேட்டனர். நிற்க விட்டனர். இரண்டாம் வாரம் நோயாளரைத் தாங்கிப் பிடிக்கவும் விட்டனர். நாமும் அவர்களோடு போகின்றோம்.

மரினெஸ்குவின் படப்பகுதிகள் இன்று கணினியில் எவர்க்குங் கிடைக்கின்றன. கடந்த சித்திரை விடுமுறையில் அதனை அப்பாச்சிக்குக் காட்டினோம். அவர் இப்பொழுது கோலூன்றி, இடக்காலை அரைவட்டமாய் வீசிக் குசினி வரை நடப்பார். தோள் நோவு குறைந்திருக்கின்றது, கை எழும்பவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, 1898 ஆம் ஆண்டின் அம்மனிதர் கறுப்புத் திரையின்முன் நடந்து போவதை இரண்டுமுறை பார்த்தார்.

"என்ரை நடைதான். பாவம், அந்த ஆளை ஒருத்தரும் பிடிக்கேல்லையே?" என்றார்.